அரசுப் பள்ளிக்கு உதவுற பவுண்டேஷன்களுக்கு அரசு எதுக்கு கை குடுக்கணும்?

பெங்களூர்ல வேலை பாக்கற ஒருத்தர் கேட்டிருந்தார். ஊர்ல கூடப் படிச்சவங்க எல்லாம் சேர்ந்து, படிச்ச அரசுப் பள்ளிக்காக ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கலாம்னு இருக்காங்களாம். ஒரே ஒரு நண்பர் மட்டும் பிடிவாதமா எதிர்க்கிறாராம், "பள்ளிக்கூடம் நடத்தறது அரசோட வேலை, நாம காசு போட்டா அவங்க மெல்ல கழண்டுக்குவாங்க, இதுல அரசே ஒரு பவுண்டேஷன் ஆரம்பிச்சு நன்கொடை வேற கேக்குது, அந்த ஆளுங்களுக்கு ஆதரவு குடுக்கறதுக்கு பதிலா நேரா பள்ளிக்கே செலவு பண்ண வேண்டியதுதானே"ன்னு. இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேட்டிருக்கார்.

நான் ரொம்ப வருஷமா இந்த மாதிரி டிரஸ்ட்களுக்கு பதிவு, கணக்கு, தணிக்கை வேலை பாத்துட்டு இருக்கற ஆளு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த நண்பர் சொல்றதுல பாதி சரி. பள்ளிக்கல்வி அரசோட பொறுப்புதான், அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா அரசு ஆதரவுன்னா ஏதோ டிரஸ்ட்காரங்களுக்கு செக் எழுதிக் குடுக்கறதுன்னு நினைச்சுக்கிட்டாதான் இந்த சண்டையே வருது. நான் பாத்த வரைக்கும் காசு கடைசியில வர்ற விஷயம். எந்தப் பள்ளிக்கு என்ன வேணும்னு ஒழுங்கா ஒரு பட்டியல் வச்சிருக்கறது, கேட்ட அனுமதியை இழுத்தடிக்காம தர்றது, ஒரு இன்ஜினியரை அனுப்பி எஸ்டிமேட் போட்டுக் குடுக்கறது, கட்டி முடிச்சப்புறம் கரண்டு பில்லும் பராமரிப்பும் யார் தலையிலன்னு எழுத்துல சொல்றது, இதெல்லாம்தான் ஒரு டிரஸ்ட்டுக்கு வேணும். அதையும் தாண்டி அரசு காசு போடறதா இருந்தா, அது கொடையாளிங்க எட்டிக்கூட பாக்காத ஊர்ப் பள்ளிக்கு போற மாதிரி இருக்கணும். என் வாதம் இவ்வளவுதான், மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

"ஊர்க்காசு வாங்கறது புதுசா வந்த பழக்கம்"னு சிலர் சொல்றாங்க, அது சரியில்ல. காமராஜர் காலத்துல, நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநரா இருந்தப்ப, பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணு நடத்தினாங்க. 1958ல கடம்பத்தூர்ல ஆரம்பிச்சு மாநிலம் முழுக்க பரவுச்சு. ஒரு ஊர்ப் பள்ளிக்கு கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், ரேடியோ, சுத்துச்சுவர், விளையாட்டு இடம்னு என்னென்ன இல்லன்னு முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஊர்க்காரங்க ஆளாளுக்கு ஒண்ணை ஏத்துக்குவாங்க, மாநாட்டு மேடையில அதை ஒப்படைப்பாங்க. மதிய உணவும் அப்படித்தான், 1956ல எட்டயபுரத்துல நன்கொடையை வச்சு ஆரம்பிச்ச வேலை, அடுத்த வருஷமே அரசு மானியம் போட ஆரம்பிச்சுது, செலவுல 60 சதவீதம் அரசு, மீதி 40 ஊர். அதாவது இன்னிக்கு மேட்சிங் கிராண்ட்னு (மக்கள் காசோட அரசும் பங்கு போடறது) கோட் சூட் போட்டுப் பேசற சமாச்சாரம், நம்ம ஊர்ல அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடியே சோத்துப் பானையில நடந்தது. அப்புறம் 1982ல எம்ஜிஆர் சத்துணவா அதை விரிவாக்கினப்ப முழுச் செலவும் அரசு பட்ஜெட்டுக்குள்ள வந்துருச்சு, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவும் பட்ஜெட் காசுதான். அந்த நண்பர்கிட்ட இதைச் சொல்லுங்க: ஊர்க்காசு வந்ததால அரசு கழண்டுக்கல, ஊர்க்காசுல ஆரம்பிச்சதை அரசு தன் கைக்கு எடுத்துக்கிட்டது. எப்பவும் இப்படியே நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன், தலைகீழாவும் நடக்கும், அதுக்கு பின்னாடி வரேன்.

இப்ப இன்னிக்கு கதைக்கு வருவோம். 2013 கம்பெனிச் சட்டத்துல 135ஆவது பிரிவுன்னு ஒண்ணு வந்துச்சு. நிகர மதிப்பு 500 கோடி, இல்லன்னா விற்றுமுதல் 1,000 கோடி, இல்லன்னா நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்கு செலவு பண்ணணும். அதைத்தான் எல்லாரும் சிஎஸ்ஆர்னு சொல்றோம். கல்வி அந்தப் பட்டியல்ல இருக்கு. அதனால வருஷாவருஷம் மார்ச் நெருங்கும்போது கம்பெனிக்காரங்க எங்க செலவு பண்றதுன்னு அலைவாங்க, ஏன்னா செலவு பண்ணாத காசை அப்படியே வச்சுக்க முடியாது, நடந்துட்டு இருக்கற திட்டத்துக்கான காசா இருந்தா தனி பேங்க் அக்கவுண்ட்ல போட்டு மூணு வருஷத்துக்குள்ள முடிக்கணும், மத்ததை சட்டம் சொல்ற மத்திய நிதிகள்ல எதுலயாவது கட்டணும்.

இங்கதான் ஒரு சின்ன முடிச்சு இருக்கு, பல பேருக்கு தெரியாது. கம்பெனி தானா நேர்ல செய்யலாம், இல்லன்னா ஒரு அமைப்பு மூலமா செய்யலாம். அந்த அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்துல சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு பதிவு பண்ணியிருக்கணும், இது 2021 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். கூடவே வருமான வரித் துறையோட 12ஏ, 80ஜி பதிவும் வேணும், அதுக்கு மேல குறைஞ்சது மூணு வருஷம் இதே மாதிரி வேலை செஞ்ச அனுபவம் வேணும். ஆனா மத்திய அரசோ மாநில அரசோ ஆரம்பிச்ச செக்‌ஷன் 8 கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி), டிரஸ்ட், சங்கம் இதுக்கெல்லாம் அந்த மூணு வருஷ நிபந்தனை கிடையாது. இன்னொண்ணு, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு கம்பெனி குடுத்தா அது சிஎஸ்ஆர் கணக்குல வராது, 2020 ஏப்ரல்லயே அமைச்சகம் தெளிவா சொல்லிருச்சு. அப்ப ஒரு மாநில அரசு இந்தக் காசு தன் பள்ளிகளுக்கு வரணும்னு நினைச்சா என்ன செய்யும்? தானே லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பை ஆரம்பிக்கறதுதான் சுளுவான வழி. பல மாநிலத்துல இப்படி அரசே பவுண்டேஷன் ஆரம்பிச்சதுக்கு பெரிய தத்துவம் எல்லாம் தேட வேண்டாம், சட்டம் விட்ட வழி இதுதான்.

தமிழ்நாட்டுல அப்படி வந்ததுதான் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி". 2022 டிசம்பர் 19ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் சென்னையில தொடங்கி வச்சார், தன் சொந்தக் காசு 5 லட்சம் குடுத்தார். தலைவரா டிவிஎஸ் வேணு சீனிவாசன், தூதரா செஸ் விஸ்வநாதன் ஆனந்த். கம்பெனிங்க மட்டும் இல்ல, முன்னாள் மாணவர், வெளிநாட்டுல இருக்கறவங்க, தனி ஆளுங்க யாரும் இணையதளம் வழியா பள்ளியையோ தேவையையோ தேர்ந்தெடுத்து குடுக்கலாம். இதே மாதிரி மத்திய அரசு 2021 செப்டம்பர்ல வித்யாஞ்சலி 2.0 ஆரம்பிச்சாங்க, அதுல பொருளும் குடுக்கலாம், ஆளா போய் நேரமும் குடுக்கலாம்.

இதுல எனக்கு பிடிச்சது அந்தப் பட்டியல்தான். இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒரு கம்பெனிக்காரர் ஹெச்.எம். ரூம்ல வந்து உக்காந்து "என்ன சார் வேணும்"னு கேப்பார், ஹெச்.எம். பாவம் அவருக்கு தோணினதை சொல்வார், ஸ்மார்ட் கிளாஸ் வந்து இறங்கும், அந்தப் பள்ளியில ஏற்கனவே ரெண்டு ஸ்மார்ட் கிளாஸ் இருக்கும், பொம்பளப் பிள்ளைங்க கழிவறையில தண்ணி இருக்காது. ஆர்ஓ தண்ணி மெஷின் இன்னொரு கொடுமை, எத்தனை பள்ளியில கம்பெனி பேர் ஒட்டின ஸ்டிக்கரோட ஃபில்டர் மாத்தாம ஓரமா நிக்குதுன்னு நீங்களே உங்க ஊர்ல போய் பாருங்க. தேவையை பள்ளி மேலாண்மைக் குழுவுல, அதான் எஸ்எம்சி, உக்காந்து பேசி தீர்மானம் போட்டு மேல அனுப்பினா இந்தக் கூத்து பெருமளவு குறையும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்க, மொத்தத்துல பாதி பேர் பெண்கள். 2024ல மறுசீரமைப்பு பண்ணப்ப முன்னாள் மாணவர்களுக்கும் அதுல இடம் குடுத்தாங்க. உங்க டிரஸ்ட்டுக்கு நான் சொல்ற முதல் வேலை, பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்றதுக்கு முன்னாடி, அந்த எஸ்எம்சி கூட்டத்துல ஒரு நாள் பின் பெஞ்சுல போய் உக்காந்து கேளுங்க. கழிவறையைப் பத்தி ஒரு அம்மா பேசுவாங்க, அது எந்த பிரசென்டேஷன்லயும் இருக்காது.

அடுத்தது அனுமதி. இதுல மாட்டிக்காத டிரஸ்ட்டே கிடையாது. பெயிண்ட் அடிக்கறது, பெஞ்சு வாங்கித் தர்றது எல்லாம் சுளுவு. ஒரு செங்கல் வச்சு கட்டணும்னா கதை வேற. ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளின்னா கட்டிடம் ஒன்றியத்தோடது, நீங்க வட்டார வளர்ச்சி அலுவலர், அதான் பிடிஓ, ஆபீசுக்கு போகணும். உயர்நிலை, மேல்நிலைன்னா பொதுப்பணித் துறை. மாநகராட்சிப் பள்ளின்னா மாநகராட்சி. இது தெரியாம கல்வித்துறை ஆபீசுக்கே நடந்துட்டு இருந்தா செருப்புதான் தேயும். நான் கணக்கு பாக்கற ஒரு டிரஸ்ட், ஒரு வகுப்பறைக்கு காசை கையில வச்சுக்கிட்டு எஸ்டிமேட் கையெழுத்துக்கு ஒரு கல்வியாண்டு முழுக்க காத்திருந்துச்சு, அதுக்குள்ள கம்பி விலை ஏறி பட்ஜெட் பத்தாம போச்சு, குடுக்கறேன்னு சொன்ன ரெண்டு பேர் பின்வாங்கிட்டாங்க.

அதுக்காக அனுமதியே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில கழிவறை சுவர் இடிஞ்சு மூணு பசங்க செத்தாங்க, அதுக்கப்புறம்தான் மாநிலம் முழுக்க பள்ளிக் கட்டிடங்களை ஆய்வு பண்ணி பழசை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. நல்ல மனசோட கட்டின சுவரா இருந்தாலும் அஸ்திவாரம் சரியில்லன்னா விழும். அதனால எஸ்டிமேட், டிசைன் ஒப்புதல், முடிஞ்சப்புறம் உறுதிச் சான்றிதழ் எல்லாம் வேணும், ஆனா அதுக்கு ஒரு நாள் கணக்கு வேணும். இத்தனை நாளைக்குள்ள பதில் வரணும், வேண்டாம்னா காரணத்தோட வேண்டாம்னு சொல்லணும். பவுண்டேஷனுக்கு அரசு செய்யற பெரிய உதவி எதுன்னு என்னைக் கேட்டா, மாவட்டத்துக்கு ஒரு இன்ஜினியரை இதுக்குன்னே ஒதுக்கறதுன்னுதான் சொல்வேன், எந்த மானியமும் அதுக்கு ஈடாகாது.

சரி, காசு. அரசு பங்கு போடற திட்டம் நம்மகிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு, பள்ளிக்கு உதவ நினைக்கிற டிரஸ்ட்காரங்க பல பேர் அதைக் கவனிக்கறதே இல்ல. நமக்கு நாமே திட்டம். 1997ல திமுக ஆட்சியில வந்துச்சு, நடுவுல அதிமுக ஆட்சியில தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறி ஓடிச்சு, 2021ல மறுபடி பழைய பேரோட வந்துச்சு. கணக்கு சிம்பிள், ஒரு பொது வேலைக்கு மக்கள் குறைஞ்சது மூணுல ஒரு பங்கு கட்டினா மீதியை அரசு போடும். பள்ளிக்கு சுத்துச்சுவர் 9 லட்சம் ஆகும்னா உங்க டிரஸ்ட் 3 லட்சம் கட்டினா போதும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகள்ல அஞ்சுல ஒரு பங்கு கட்டினா போதும். மக்கள் பங்கு பாதியோ அதுக்கு மேலயோ இருந்தா வேலையை நீங்களே எடுத்துச் செய்யலாம், அல்லது நீங்க சொல்ற ஆள் செய்யலாம். கலெக்டர்கிட்ட மனு குடுக்கணும், வருஷத்துக்கு ஒதுக்கற நிதி தீர்ந்து போச்சுன்னா அடுத்த வருஷம்தான், அதனால நிதியாண்டு ஆரம்பத்துலயே ஓடணும். "நேரா பள்ளிக்கே காசு குடுக்கலாமே"ன்னு கேட்ட நண்பர்கிட்ட இதைக் காட்டுங்க, உங்க 3 லட்சம் தனியா போனா 3 லட்சம், இந்த வழியா போனா 9 லட்சம்.

அமெரிக்காவுல புளோரிடா மாநிலத்துல இதையே பவுண்டேஷன் அளவுல பண்றாங்க. அங்க ஒவ்வொரு கவுண்டியும் ஒரு பள்ளி மாவட்டம், கிட்டத்தட்ட ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கல்வி பவுண்டேஷன் இருக்கு. மாநில சட்டமன்றம் வருஷா வருஷம் ஒரு தொகை ஒதுக்குது, பவுண்டேஷன் தனியார்கிட்ட திரட்டற ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் அதுல இருந்து வரும். அதையும் எதுக்கு வேணா செலவு பண்ண முடியாது, படிப்புல பின்தங்கின பசங்க, எழுத்தறிவு, அறிவியல் கணிதம், தொழிற்கல்வி, ஆசிரியர் தரம்னு வகை பிரிச்சு வச்சிருக்காங்க. அந்த நிபந்தனைதான் எனக்கு பிடிச்ச பகுதி, ஏன்னா காசு போடற அரசுக்கு எங்க போடணும்னு சொல்ற உரிமை தானா வந்துருது.

ஆனா மேட்சிங்ல ஒரு விஷம் இருக்கு. எவன் திரட்ட முடியுமோ அவனுக்குத்தான் அரசு காசும் போகும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் இருக்கற பள்ளிக்கு வாசல்லயே கம்பெனி இருக்கு. சட்டமே கம்பெனி இருக்கற உள்ளூருக்கு முன்னுரிமை குடுக்கச் சொல்லுது, கட்டாயம் இல்லன்னு அமைச்சகம் விளக்கம் குடுத்தாலும் நடைமுறையில மேனேஜர் கார்ல போய் போட்டோ எடுத்துட்டு சாயங்காலம் திரும்பற தூரம்தான் எல்லை. கல்வராயன் மலையில, ஜவ்வாது மலையில, வேதாரண்யம் பக்கம் உப்பளத்து ஊர்ல இருக்கற பள்ளிக்கு எந்தக் கம்பெனி வரும், அங்க படிச்சுட்டு பெங்களூர் போய் டிரஸ்ட் ஆரம்பிக்கற அளவுக்கு வந்த பழைய மாணவர் எத்தனை பேர் இருப்பாங்க. எல்லாருக்கும் ஒரே விகிதம்னு வச்சா அது நியாயம் மாதிரி தெரியும், உள்ள போய் பாத்தா இருக்கறவனுக்கே இன்னும் சேரும். அதனாலதான் நமக்கு நாமேல அந்த அஞ்சுல ஒரு பங்கு விதி எனக்கு ரொம்ப முக்கியமா படுது, அதை இன்னும் விரிச்சு மலைக் கிராமம், கடலோரம், மாணவர் எண்ணிக்கை குறைஞ்ச பள்ளின்னு கொண்டு போகணும்.

அமெரிக்காவுலயே போர்ட்லாண்ட் நகரத்துல இதுக்கு ஒரு வழி பண்ணி வச்சிருந்தாங்க. ஒரு பள்ளியோட பவுண்டேஷன் முதல் 10,000 டாலர் வரைக்கும் திரட்டினது அவங்களுக்கே, அதுக்கு மேல வர்றதுல மூணுல ஒரு பங்கு பொது நிதிக்கு போகும், அது ஏழைப் பள்ளிகளுக்கு. கேக்கறதுக்கு நல்லா இருக்கும், ஆனா பணக்கார ஏரியா பெத்தவங்க அந்தக் காசுல கூடுதல் ஆசிரியர் போட்டுக்கிட்டே இருந்தாங்க, பக்கத்து ஏரியாவுல முடியல, பல வருஷ சண்டைக்கப்புறம் 2024ல அந்த முறையையே முடிச்சுக்க முடிவு பண்ணிட்டாங்க. நம்ம மாநில அளவு பவுண்டேஷனும் இந்தப் பங்கு முறையை கம்பெனிக் காசுக்கு வைக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தனி ஆள் தான் படிச்ச பள்ளிக்கு குடுக்கறதுல கை வைக்க வேண்டாம், அது பாசத்துல வர்ற காசு, அதுல கழிச்சா அடுத்த தடவை வராது. 2 சதவீதம் சட்டத்துக்காக குடுக்கற கம்பெனிக்கு அந்த வலி இருக்காது.

ஆசிரியர் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். தயவு செஞ்சு டிரஸ்ட் காசுல ஆசிரியர் சம்பளம் போடாதீங்க. அந்த நண்பர் பயப்படற "கழண்டுக்கறது" நடக்கறது இங்கதான். 2022ல காலிப் பணியிடங்களுக்கு எஸ்எம்சி வழியா தற்காலிக ஆசிரியர் போட அரசே சொல்லுச்சு, இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 ரூபாய்னு. படிச்சுட்டு வேலைக்கு காத்திருந்தவங்க கொதிச்சுப் போய் கோர்ட்டுக்கு போனாங்க. அரசு காசுலயே இந்த நிலைமைன்னா, டிரஸ்ட் ஒரு ஆளைப் போட்டு ரெண்டு வருஷம் ஓட்டினா அந்தப் பணியிடம் காலின்னே மேல தெரியாது, உங்க காசு தீர்ற அன்னிக்கு அந்த டீச்சரும் போயிடுவாங்க, பசங்க நடுவுல நிப்பாங்க. வாட்ச்மேன், துப்புரவு ஆள்னா கூட யோசிச்சு ஒரு கெடு வச்சு செய்யலாம், பாடம் எடுக்கற ஆள் வேண்டவே வேண்டாம்.

அளவும் தெரிஞ்சு வச்சுக்கணும். 2025-26 பட்ஜெட்ல தமிழ்நாடு பள்ளிக்கல்விக்கு மட்டும் 46,767 கோடி ஒதுக்கினாங்க. அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேல. கட்டிடத்துக்குன்னே பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அஞ்சு வருஷத்துக்கு 7,000 கோடின்னு 2022ல அறிவிச்சது. இந்தப் பக்கம், பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசோட பள்ளித் திட்டத்துல கையெழுத்து போடலன்னு மத்திய அரசு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வி நிதித் திட்டத்துல 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வச்சப்ப, அந்தப் பள்ளத்தை எந்த பவுண்டேஷனாலயும் நிரப்ப முடியாது, எல்லா கம்பெனியும் வரிசையில வந்தாலும் முடியாது. சம்பளம், சாப்பாடு, புத்தகம் இதெல்லாம் பட்ஜெட். பவுண்டேஷன் காசு ஓரத்துல இருக்கற ஓட்டையை அடைக்க, புதுசா ஒண்ணை முயற்சி பண்ணிப் பாக்க. சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித் தர்ற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்தப்ப மதி பவுண்டேஷன் மாதிரி அமைப்பு பாட வடிவமைப்புல துணைக்கு நின்னது அந்த வகை. ஆசிரியர் சங்கங்களுக்கு அதுலயும் குறை உண்டு, பாடம் நடத்தற நேரத்தை விட பதிவேத்தற நேரம் அதிகம்னு, அந்தக் குறையை அலட்சியமா தள்ள முடியாது, வகுப்புல நிக்கறது அவங்கதான். நடிகர் சூர்யாவோட அகரம் மாதிரி சில அமைப்புகள் பள்ளிக் கட்டிடத்தை விட்டுட்டு பையனோட மேல்படிப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க, அதுவும் ஒரு வழி, உங்க நண்பர்களுக்குள்ள கட்டிடமா பிள்ளையான்னு ஒரு தடவை பேசிப் பாருங்க.

அரசு ஆதரவுக்கு இன்னொரு பக்கம் உண்டு, கதவுல ஆள் நிக்கறது. சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில தன்னம்பிக்கைப் பேச்சுன்னு வந்த ஒருத்தர் பாவ புண்ணியம், முற்பிறவின்னு பேசி, தட்டிக் கேட்ட பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர்கிட்டயே வாக்குவாதம் பண்ணின வீடியோ 2024 செப்டம்பர்ல ஊரெல்லாம் ஓடிச்சு. அவரும் ஒரு பவுண்டேஷன் பேர்லதான் வந்தார். அதுக்கப்புறம் வெளியாட்களுக்கு கட்டுப்பாடு வந்தது, சரிதான். ஆனா அதோட பக்கவிளைவு என்னன்னா, நூலகத்துக்கு புத்தகம் குடுக்க வர்றவங்களையும் ஹெச்.எம். இப்ப பயந்து திருப்பி அனுப்பறாங்க. கதவை மூடறதும் தப்பு, தொறந்து போடறதும் தப்பு. பதிவு பண்ணின அமைப்பா, என்ன பாடம், யார் பேசுவாங்க, என்ன பொருள், இதையெல்லாம் ஒரு தடவை மாவட்ட அளவுல பாத்து ஒரு அனுமதிச் சீட்டு குடுத்தா ஹெச்.எம். தலை உருளாது.

2025 ஆரம்பத்துல 500 அரசுப் பள்ளிகளை தனியார் பள்ளிகள் தத்து எடுக்கப் போறாங்கன்னு செய்தி வந்து பெரிய களேபரம் ஆச்சே, அமைச்சர் அன்பில் மகேஸ் தத்தெல்லாம் இல்ல, சிஎஸ்ஆர் உதவி மட்டும்தான்னு விளக்கம் குடுத்தார். ஜனங்க பயந்ததுல தப்பில்ல. உதவி எது, நிர்வாகம் எதுன்னு கோடு போட்டு எழுதி வைக்காத இடத்துல இந்த சந்தேகம் வந்துட்டேதான் இருக்கும். புரிந்துணர்வு ஒப்பந்தம் போடறப்பவே, பள்ளிக்கு பேர் மாத்தறது இல்ல, ஆசிரியர் மேல அதிகாரம் இல்ல, மாணவர் விவரம் வெளிய போகாது, கட்டினது எல்லாம் அரசுச் சொத்துன்னு நாலு வரி இருந்துட்டா போதும். உங்க டிரஸ்ட்டும் அதை தானா முன்வந்து எழுதிக் குடுங்க, அந்த நண்பரும் கையெழுத்து போட வருவார்.

இனி நடைமுறைக்கு சில துண்டு துண்டான விஷயம். டிரஸ்ட் புதுசா ஆரம்பிச்சா மூணு வருஷத்துக்கு கம்பெனி சிஎஸ்ஆர் காசு எதிர்பாக்காதீங்க, மேல சொன்ன அனுபவ விதிதான் காரணம். அதுவரைக்கும் சொந்தக் காசும் நமக்கு நாமேயும். ஒருவேளை உங்க நோக்கம் ஒரே ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு தடவை செய்யறதுன்னா டிரஸ்ட்டே வேண்டாம், நம்ம ஸ்கூல் வழியாவோ எஸ்எம்சி வழியாவோ குடுத்துட்டு போங்க, வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ற தலைவலி மிச்சம். 80ஜி வரிச்சலுகை பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான், ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா கிடைக்காது, பொருளா குடுத்தாலும் கிடைக்காது. பெஞ்சு வாங்கி இறக்கிட்டு ரசீது கேக்கறவங்க நிறைய பேர், காசை டிரஸ்ட்டுக்கு அனுப்பி டிரஸ்ட் பெஞ்சு வாங்கணும், அப்பதான் சரி.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கற என்ஆர்ஐ முறையான பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கினவர், ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளிக்குக் குடுக்கற அட்டை) வச்சிருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு ஆள், அவர் காசு வாங்கணும்னா வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்சிஆர்ஏ பதிவு வேணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல அக்கவுண்ட் வேணும். 2020 திருத்தத்துக்கப்புறம் பதிவு இருக்கற ஒரு பெரிய அமைப்பு அந்தக் காசை வாங்கி உங்களுக்கு மாத்தி விடவும் முடியாது. கூடப் படிச்சவன்தானேன்னு ஜிபே மாதிரி வாங்கிப் போட்டீங்கன்னா பின்னாடி நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வரும்.

நிலம் குடுக்கறதா யாராவது சொன்னா டிரஸ்ட் பேர்ல வாங்கவே வாங்காதீங்க, நேரா கல்வித்துறைக்கு தானப் பத்திரம். மதுரை யா.ஒத்தக்கடை பக்கம் கொடிக்குளத்துல ஆயி அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை தன் இறந்து போன மகள் நினைவா பள்ளிக்கு எழுதி வச்சதும் அப்படித்தான், 2024 ஜனவரியில அரசு அவங்களுக்கு விருது குடுத்துச்சு. நடுவுல எந்த அமைப்பும் இல்ல, தேவையும் இல்ல.

கடைசியா பராமரிப்பு. கட்டி முடிச்சு ஒப்படைக்கற அன்னிக்கு ஒரு தாள்ல, ஃபில்டர் மாத்தறது யாரு, மோட்டார் ரிப்பேர் யாரு, புரொஜெக்டர் பல்பு யாரு, எத்தனை வருஷத்துக்குன்னு எழுதி ஹெச்.எம்., எஸ்எம்சி தலைவர், நீங்க மூணு பேரும் கையெழுத்து போடுங்க. வாங்கற பொருள் மதிப்புல ஒரு பத்து சதவீதமாவது இதுக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டு மீதியில வேலையை ஆரம்பிங்க, ஒரு ஸ்மார்ட் கிளாஸ் குறைஞ்சாலும் பரவாயில்ல. ஹெச்.எம். மாறுதல்ல போயிடுவார், புதுசா வர்றவருக்கு அந்தத் தாளோட நகல் ஒண்ணு பள்ளி இருப்புப் பதிவேட்டுலயே ஒட்டியிருக்கணும், இல்லன்னா "இது எப்ப வந்துச்சு, யார் குடுத்தா"ன்னு உங்களையே கேப்பார்.